தாய் மலையாளி

இடிதாங்கிக்கு அம்மா உண்டா இல்லையா என்பதை மூன்று ஆண்கள் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. இவ்வளவு கோபப்பட வேண்டிய விஷயந்தானா என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இடிதாங்கி ஒரு படக்கதை வீரன். காகிதத்தில் இருக்கிறவன். அவனுக்கு அம்மா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கோபம் குறையவில்லை.

யுத்தம் முடியாத காலம் அது. என் கணவர் கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த மலையில் வாழவந்தி நாடு என்ற ஊரில் தோட்டக்காரர் கொடுத்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். எனக்கு நாலு வயதில் ஒரு மகன், வயிற்றில் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்தவள் நான். படித்ததனால் பயம் குறையும் என்று சொல்வார்கள். என் விஷயத்தில் அது நேர்மாறு. கொசு கடித்தால் மலைக்காய்ச்சல், காய்ச்சல் வந்தால் கொயினா மாத்திரை, கொயினா தீர்ந்தால் அடிவாரம்வரை ஆள் அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றையும் முன்னதாகவே யோசித்து வைத்திருப்பேன். பையன் தும்மினால் நான் எழுந்து உட்காருவேன்.

அந்த மலையில் கோடை மழை இடியோடுதான் வரும். இடி இடித்தால் பையன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். கூப்பிட்டால் வரமாட்டான். சோறும் இறங்காது. ஒரு நாள் ஜன்னல் வழியாக அவனுக்குத் தோட்டத்துப் பங்களாவின் கூரையைக் காட்டினேன். அதன் உச்சியில் செம்புக் கம்பி ஒன்று நிற்கும். "அது பேரு இடிதாங்கி, சாமி. அதே பேருல ஒரு ஆளு இருக்கறான். இடி விழுகறப்பக் கையில புடிச்சு மண்ணுக்குள்ள அழுத்திருவான்" என்றேன். அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். மறுநாள் அவன் மிச்சக் கதையைக் கேட்டான்.

இப்படித்தான் இடிதாங்கி பிறந்தான். அவனுக்கு ஓர் அம்மாவும் உடனே வேண்டியிருந்தது. ஏனென்றால் பையன் முதலில் கேட்ட கேள்வியே "அவனுக்குக் கை சுடாதா?" என்பதுதான். சுடும், அவன் வீட்டுக்கு ஓடுவான், அவன் அம்மா உள்ளங்கையில் ஊதிவிட்டுக் களி கிண்டிப் போடுவாள் என்றேன். அந்தக் களியை அவன் தின்னும்போது என் மகனும் வாய் திறப்பான். எனக்கு வேண்டியது அதுதான்.

அந்த அம்மாவை நான் யாரைப் பார்த்துச் செய்தேன் என்பதில் ரகசியம் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே சாமையும் ராகியும் போட்டிருந்த காட்டுக்காரி ஒருத்தி. எனக்குத் துணை என்று அந்த மலையில் இருந்தது அவள் ஒருத்திதான். பலாப்பழம் கொண்டு வந்து போடுவாள், என் வயிற்றைப் பார்ப்பாள், "பயப்படாதீங்க" என்பாள். கதையை அவளிடமும் சொன்னேன்.

"அவங்காத்தா எங்க சனமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. மலையாளிதானுங்க."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அந்த மலையில் காடு உழுது பரம்பரையாக வாழ்கிறவர்கள் தங்களை மலையாளி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மலையை ஆள்கிறவர்கள். மலையாள தேசத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேசுவது தமிழ். மலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. என் கணவருக்கு எனக்கு முன்பே தெரியும்.

என் கணவருக்குப் படம் போட வரும். நான் பையனுக்குச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவர் இடிதாங்கியை வரைந்தார். அவருடைய அண்ணன், அதாவது என் மச்சாண்டார், சேலத்தில் சிறிய அச்சகம் வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். அதில் படக்கதையாகப் போட்டார். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அவனைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதினார்கள். குளிப்பானா, கல்யாணம் ஆனவனா, குண்டு போடும் விமானத்தைப் பிடிப்பானா. அந்தச் சமயத்தில் மச்சாண்டார் சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்று தொகுக்கத் தொடங்கியிருந்தார். இ எழுத்தில் இஞ்சி, இடி, இடிதாங்கி என்று வரும்போது, கம்பி இடிதாங்கிக்குப் பக்கத்தில் நம் ஆளையும் போட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. குறிப்பை எழுதும் வேலை தம்பிக்கு வந்தது. தம்பி என்னிடம் தந்தார். "உனக்குத்தான அவனத் தெரியும்" என்றார். அரைப் பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரி: "தாய் மலையாளி, வாழவந்தி நாட்டில் சாமையும் ராகியும் விளைவித்து வாழ்கிறாள்."

சுருக்கமாக எழுதிவிட்டோம் என்று பெருமையாக இருந்தது. இன்னும் ஒரு வரி சேர்த்து விளக்கியிருக்க வேண்டுமோ என்று பிறகு வருந்தினேன். ஆனால் அந்த மலைமேல் உட்கார்ந்துகொண்டு அதை ஒருவர் தப்பாகப் படிப்பார் என்று நான் எப்படி நினைப்பேன்?

சித்திரை வெயிலுக்குப் பயந்து மச்சாண்டார் மேலே வந்தார். கூட ஒரு தமிழாசிரியர். கலைக்களஞ்சியத்துக்கு அவர்தான் பதிப்பாசிரியர். இருவரும் காகிதக் கட்டுகளோடு மலை ஏறி வந்து இறங்கியதும், முன்னறை அவர்களுடையதாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மச்சாண்டாருக்கு எதிரே நின்று பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நிற்பாள். சொல்ல வேண்டியது இருந்தால் குழந்தையை நடுவில் வைத்துச் சொல்வாள். நான் சொல்வது அவருக்குக் கேட்கும். அவர் சொல்வது எனக்குக் கேட்கும். ஆனாலும் குழந்தைதான் எடுத்துச் சொல்ல வேண்டும். "சாமி, பெரியப்பாகிட்டக் காப்பியில வெல்லம் போடட்டுமான்னு கேளு" என்பேன். பையன் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்று கேட்பான். "அரை வெல்லம் போதும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு, சாமி" என்பார் அவர். அந்த வேலையில் பையனுக்கு ஏகப்பட்ட பெருமை. அதனால் அவன் முன்னறையை விட்டு நகருவதே இல்லை. அங்கே பேசியது எல்லாம் அவன் காதில் விழுந்தது.

முதலில் தழும்பைப் பற்றிப் பேசினார்கள். இடிதாங்கிக்கு இடது கன்னத்தில் ஒரு தழும்பு. ஓர் இதழில் மட்டும் அது வலது கன்னத்துக்குப் போயிருந்தது.

"அது அச்சுக்கு ப்ளாக் வெட்டினவன் பண்ணின கோளாறு. படத்தத் திருப்பி வெட்டோணும். அப்படியே வெட்டிப்போட்டான்" என்றார் என் கணவர்.

"கோளாறுன்னு நாம சொல்லலாம். பையனுக அந்த இதழையும் வெச்சிருக்கறானுகளே" என்றார் மச்சாண்டார்.

"இரு கன்னங்களிலும் தழும்பு உடையவன் என்று எழுதிவிடுவோம். எந்த இதழும் பொய்யாகாது" என்றார் தமிழாசிரியர். அதையே எழுதினார்கள்.

அப்புறம் அவன் பறக்கிறானா தாண்டுகிறானா என்று ஒரு காலைப்பொழுது போயிற்று. தாண்டினால் கால் தரையில் படவேண்டும், ஆறாவது இதழில் படவில்லையே என்றார் மச்சாண்டார். மேகத்தில் ஊன்றித் தாண்டினான் என்றார் தமிழாசிரியர். மேகத்தில் ஊன்ற முடியாது, அது ஆவி. 'இடி' என்ற குறிப்பில் நாமே அப்படித்தான் எழுதியிருக்கிறோம் என்றார் மச்சாண்டார். கதவுக்குப் பின்னால் நின்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை கோபம் இல்லை. பெரிய மனிதர்கள் இரண்டு பேர் என் மகனுக்குச் சோறு ஊட்டுவதற்காக நான் சொன்னதை இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்களே என்று சந்தோஷம்கூட இருந்தது.

பிறகு தமிழாசிரியர் என் வரிக்கு வந்தார்.

"தாய் மலையாளி. இது யார் எழுதியது? மலையாள தேசத்துப் பெண் கொல்லிமலையில் எப்படி ராகி விளைவித்தாள்?"

"மெளகு யாவாரத்துக்கு வந்திருப்பாங்க" என்றார் மச்சாண்டார்.

"வந்தால் திரும்பிப் போகவேண்டியதுதானே. அதோடு, தாய் மலையாளி என்றால் மகனுக்குத் தாய்மொழி மலையாளம். இவன் தமிழில் அல்லவா இடியை அதட்டுகிறான்?"

"அது ஒரு சிக்கல்தானுங்க."

அந்த ஜன்னலுக்கு வெளியே காட்டுக்காரி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் யார் என்று குரல் கொடுத்திருந்தால் போதும், மலையாளிங்க என்று நிமிராமலே சொல்லியிருப்பாள். அதுகூட வேண்டாம். என் கணவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியும். அவர் சொல்வார், சொல்வார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க இவ்வளவு வம்பு" என்றார் மச்சாண்டார் கடைசியில். "வீரனுக்கு அம்மா எதுக்கு? இடி புடிச்சுட்டு ஊட்டுக்கு ஓடிப் போயிக் கையில ஊதச் சொல்றதெல்லாம் நல்லாவா இருக்குது? பிரசவத்துல போயிட்டான்னு எழுதிப்போடலாம்."

"அதுவே மரபு" என்றார் தமிழாசிரியர். "தாயை இழந்தவன். அதனால்தான் அச்சமற்றவன். 'இவனை ஈன்றபோதே தாய் இறந்தாள்.' நல்ல வாக்கியம்."

எழுதுகிற சத்தம் கேட்டது. அறை நடுவில் என் மகன் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் கூடவே வந்தான். நான் கொஞ்சம் சாய்ந்து படுத்தபோது வயிற்றில் வாயை வைத்து ஏதோ சொன்னான். காது கொடுத்துக் கேட்டேன். "வராத, பாப்பா. வராத" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏஞ்சாமி அப்படிச் சொல்ற?"

"பாப்பா வந்தா நீ செத்துருவ."

"யாரு சொன்னது?"

"பெரியப்பா எழுதீட்டாரு. இடிதாங்கியோட அம்மா அப்படித்தான் செத்துப்போச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "நீ செத்துட்டா நா இடி புடிக்கோணுமா?" என்று கேட்டான்.

அந்தத் தை மாதந்தான் பக்கத்து ஊரில் ஒருத்தி பிரசவத்தில் போயிருந்தாள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். எனக்கு நாள் நெருங்க நெருங்க அவள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தாள். அந்தப் பயத்தை என் மகனுக்குத் தெரியாமல் மூடி வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூடி வைத்ததை எடுத்து, நல்ல வாக்கியம் என்று மெச்சி, அவன் எதிரிலேயே எழுதிவிட்டார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை, கேட்கவும் சோம்பல். அதற்கு ஒருத்தியைக் கொன்றுவிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் கணவர் அடுப்படிக்கு வந்தார். சொன்னேன்.

"கதைதான. சின்னப் பையன், நாளைக்கு மறந்துருவான்" என்றார்.

"மலையாளின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"அண்ணன் பேசீட்டிருந்தாரு."

"முடிச்சப்பறம் சொல்லியிருக்கலாமே."

"அதுக்குள்ள எழுதீட்டாங்க. எழுதினதுக்கப்பறம் எப்படிச் சொல்றது?"

அண்ணன் படிக்க வைத்தார், அண்ணன் கல்யாணம் செய்து வைத்தார், அண்ணன் படத்தை அச்சில் போட்டார். எல்லாம் உண்மை. நானும் அவரை மதிக்கிறவள்தான். என் கணவரைக் குறை சொல்கிறேனே, ஊரில் எந்தத் தம்பி அண்ணன் பேச்சை மறித்தான் என்றும் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அடுப்பில் இருந்த பருப்பு தீய்ந்துவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அன்று ராத்திரியும் பையன் சாப்பிடவில்லை.

காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவருகில் நின்றேன். முறைப்படியே செய்வோம் என்றுதான் நினைத்தேன். முறையை மீறுகிற எண்ணம் எனக்கு அப்போதுகூட இல்லை.

"சாமி, பெரியப்பாகிட்டச் சொல்லு. இடிதாங்கியோட அம்மா சாகலைன்னு சொல்லு."

பையன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். உதடு கோணிற்று. 'அம்மா' என்று ஆரம்பித்தான், மேலே வரவில்லை. வெல்லத்தையும் வெந்நீரையும் தூக்கிக்கொண்டு போன வாயால் இதைத் தூக்க முடியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கதவைத் தாண்டி உள்ளே போனேன்.

மச்சாண்டார் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "தம்பி, உங்க ஊட்டுல என்னமோ சொல்றாங்க போல, என்னன்னு கேளு" என்றார். நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன்.

"அவங்க கேக்க வேண்டாமுங்க. நானே சொல்றனுங்க. மலையாளின்னா மலையாள தேசம் இல்லீங்க. இந்த மலையில காடு வெச்சிருக்கறவங்க எல்லாருமே மலையாளிங்கதான். உங்க தம்பிக்கும் தெரியுமுங்க."

மச்சாண்டார் தம்பியைப் பார்த்தார். "ஆமாடா?"

"ஆமாங்கண்ணா" என்றார் என் கணவர்.

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

என் கேள்வியை மச்சாண்டாரே கேட்டது எனக்கு ஒரு பக்கம் நியாயமாக இருந்தது; இன்னொரு பக்கம் எரிச்சலாக இருந்தது.

தமிழாசிரியர் நல்லவர்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் மலையாளி என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம், அம்மா. விளக்கமும் சேர்க்கலாம். ஆனால் அவள் இறந்ததாகவே இருக்கட்டும். கதைக்கு அதுதான் கம்பீரம்."

"அவ சாகலீங்க."

"சாகவில்லை என்பது எந்த இதழில் வந்திருக்கிறது?"

"செத்தான்னு எந்த இதழ்ல வந்துதுங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. 'தாயைப் பற்றி எதுவும் அறியப்படவில்லை' என்று போடுவோம். இரண்டுக்கும் பொது."

"யாருக்குங்க அறியப்படல? எனக்குத் தெரியுமுங்க. அவ ராகி போட்டிருக்கறா. களி கிண்டறா. உசுரோட இருக்கறா. அப்படியே எழுதுங்க."

"கலைக்களஞ்சியத்தில் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று எழுதுகிற வழக்கம் இல்லை, அம்மா. புத்தகம் பல காலம் நிற்கும். நாளைக்கு அவள் இறந்துபோனால் அந்த வாக்கியம் பிழையாகிவிடுமே."

"செத்தப்பறம் திருத்திக்கலாமுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே களை பிடுங்குகிற சத்தமும் நின்றுவிட்டது. வயிற்றில் குழந்தை புரண்டது. இப்படிப் பேசிவிட்டோமே, இனி இந்த வீட்டில் என்ன மரியாதை என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் நின்றேன். நகரவில்லை.

மச்சாண்டார் அப்போதுதான் என் மகனைப் பார்த்தார். அவன் கதவு நிலையில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றான். அவர் எதைப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. என் வயிற்றைப் பார்த்தாரா, இல்லை தரையைப் பார்த்தாரா என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கையை நீட்டிக் காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, இங்க வா. இடிதாங்கியோட அம்மா சாகல."

பையன் அசையவில்லை. "யாரு சொன்னா?"

"உங்கம்மாதான் சொல்றா."

"அம்மா கத சொல்லும்" என்றான். "நீங்க எழுதுங்க."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவனைப் பெற்று, பயம் தெளியவைத்து, அந்த வீரனையும் உண்டாக்கிக் கொடுத்தவள் சொன்னால் அது கதை. பெரியப்பா மையைத் தொட்டு எழுதினால்தான் நிஜம். நாலு வயதிலேயே இதை அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவன் அந்த வீட்டில் பார்த்தது அதுதான்.

மச்சாண்டார் பழைய வரியை அடித்தார். பையனை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லி எழுதினார். "தாய் மலையாளி. அஃதாவது கொல்லிமலை வாழ் வேளாண்குடியினள். வாழவந்தி நாட்டில் சாமையும் ராகியும் விளைவித்து உயிருடன் வாழ்கிறாள்." 'உயிருடன்' மிகை என்று தமிழாசிரியர் முணுமுணுத்தார். பையன் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டான். மச்சாண்டார் காட்டினார். அவன் அதன்மேல் விரலை வைத்தான். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. தமிழாசிரியர் 'அடடே' என்று காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

"களி வேணும்" என்றான் பையன்.

நான் கொண்டுவரப் போனேன். கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது அவர்கள் மூவரும் அடுத்த குறிப்புக்குப் போவதற்குக் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பையன் மச்சாண்டார் மடியிலேயே இருந்தான். முதல் உருண்டையை விழுங்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"பெரியப்பா, இடிதாங்கியோட அப்பன் எங்க போனாரு?"

இத்தனை நாள் பேச்சில் அது யாருக்கும் தோன்றவில்லை. என் குறிப்பிலும் இல்லை. தழும்பு எந்தக் கன்னம் என்று கேட்டவர்கள், மேகத்தில் கால் ஊன்றுமா என்று கேட்டவர்கள், இதைக் கேட்கவில்லை. தமிழாசிரியர் மச்சாண்டாரைப் பார்த்தார். மச்சாண்டார் தம்பியைப் பார்த்தார். என் கணவர் பென்சிலை எடுத்தார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

பையன் வழக்கம்போல என் பக்கம் திரும்பினான். நான் அடுத்த உருண்டையை உருட்டி அவன் வாயில் வைத்தேன். "அவங்ககிட்டயே கேளு, சாமி" என்றேன்.